மூன்று காவல் படைகள் சேர்ந்து வேலை செய்வதை எங்கே நின்று அளப்பது?

1. ஓடைக்கரை

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம்.

அடுத்தடுத்த வட்டாரங்களின் மூன்று காவல் படைகள் நான்கு வருடமாகச் சில வேலைகளைக் கூட்டாகச் செய்து வருகின்றன. தடயவியல், பெருங்குற்றப் புலனாய்வு, வாகனப் பராமரிப்பு, ஆள்சேர்ப்பு. இந்தக் கூட்டால் பலன் உண்டா இல்லையா என்று மதிப்பிட்டுச் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். நான் போலீஸ் ஆள் இல்லை. பொதுத்துறை மதிப்பீடுதான் என் பிழைப்பு.

கையில் கொடுத்தது ஒரு எக்செல் கோப்பு. நடந்த கூட்டங்கள், கையெழுத்தான ஒப்பந்தங்கள், கூட்டு நடவடிக்கைகள், மிச்சமான பணம். எல்லாக் கட்டமும் பச்சை. பிறகு மூன்று இடங்களுக்கும் போய் உட்கார்ந்து பேசினேன். ஒரு புலனாய்வு அதிகாரி சொன்னது மனதிலேயே நிற்கிறது: "என் ஃபைல் அந்தப் பக்கம் போனா என்ன ஆச்சுன்னு கேட்க, எனக்குப் பழக்கமான ஒருத்தர் அங்கே இருக்கார். அவர் லீவுன்னா கூட்டும் லீவு." இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

முறைமைச் சிந்தனை, அதான் சிஸ்டம்ஸ் திங்கிங், பகுதிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது, இதற்கு உதவும் என்று நம்புகிறேன். படித்ததுண்டு. ஆனால் நாளைக் காலையில் எந்த மேசையில் போய் உட்காருவது என்று படித்ததில் இல்லை. இறங்கி வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

2. பழைய வயர்லெஸ்

கண்ட்ரோல் ரூமில் 22 வருடம் இருந்தவன். மேடம், நீங்கள் உட்கார வேண்டிய மேசை எது என்று எனக்குத் தெரியும். ஒரு படை 'அனுப்பியாச்சு' என்று எழுதி மூடுகிறதே, அந்த மேசை. அங்கே இரண்டு நாள். பிறகு எல்லை தாண்டிப் போய், அனுப்பியதை வாங்குகிற மேசை. அங்கேயும் இரண்டு நாள்.

ஒரு ராத்திரி. நெடுஞ்சாலைப் பாலம். பாலத்தின் பாதியோடு எங்கள் லிமிட் முடிகிறது. கைப்பிடிச் சுவரோரம் ஒரு பெண் தனியாக நின்று அழுகிறாள் என்று லாரி ஓட்டுநர் ஒருவர் கூப்பிட்டார். அவர் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் பாலத்தின் அந்தப் பாதி. பக்கத்துப் படைக்கு அனுப்பினேன். என் திரையில் 'மாற்றப்பட்டது' என்று வந்ததும் கடிகாரம் நின்றுவிட்டது. எங்கள் கணக்கில் அது இரண்டு நிமிடத்தில் முடிந்த அழைப்பு. அந்தப் பக்கம் அது மின்னஞ்சலாகப் போய் விழுந்தது, ஏனென்றால் அவர்கள் மென்பொருளும் எங்கள் மென்பொருளும் ஒன்றோடொன்று பேசாது. ஒருவர் அதைத் திறந்து படித்து, முழுதாக மறுபடி தட்டச்சு செய்து, புது எண் கொடுத்த பிறகுதான் அவர்கள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அவர்கள் கணக்கிலும் குறை கிடையாது. நடுவில் போன பதினேழு நிமிடம் எந்தப் படையின் கணக்கிலும் இல்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். லாரி ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்து திரும்பிப் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களால் இல்லை.

அந்தப் பதினேழு நிமிடத்தைத் தேடுங்கள். உங்கள் எக்செல் கோப்பில் அது இருக்காது.

3. கணக்குப்பிள்ளை

ஐயா சொன்னது நெஞ்சில் தைத்தது. இருந்தாலும் பணத்தை ஓரம் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். கூட்டுகள் பல நேரம் பணத்தால் பிறக்கின்றன, பணத்தாலேயே உடைகின்றன.

இங்கிலாந்தில் வாரிக்‌ஷயர், வெஸ்ட் மெர்சியா என்று இரண்டு படைகள். தலைமை அதிகாரிகளை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பொதுவாக்கிக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போன கூட்டு அங்கே குறைவு. 2018 அக்டோபரில் பெரிய படையான வெஸ்ட் மெர்சியா விலகுவதாக அறிவித்தது. பின்னிக் கிடந்ததைப் பிரிப்பது லேசான வேலையாகவும் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் மொத்தம் என்ற ஒரு படை எங்கும் இல்லையே. ஒவ்வொருவரும் தன் பங்கைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள்.

அதனால் 'எவ்வளவு மிச்சம்' என்ற கட்டத்தைப் பிரித்து எழுதுங்கள். யாருக்கு மிச்சம், அந்த மிச்சத்துக்காக யார் கூடுதலாக உழைத்தார்கள் என்று. வாங்குகிற மேசையில் மறுபடி தட்டச்சு செய்தாரே ஒருவர், அவருடைய சம்பளம் எந்தப் படையின் செலவு?

4. வரைபடம்

கணக்குப்பிள்ளை தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். முறைமைச் சிந்தனையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: ஒரு விதி போட்டால் ஆட்கள் அதற்கேற்ப நடப்பார்கள், அந்த நடத்தை சுற்றிக்கொண்டு வந்து விதியையே மாற்றிவிடும்.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாக 43 வட்டாரப் படைகள். ஹெலிகாப்டரைப் படைகள் தாங்களே வைத்துக்கொண்டோ, பக்கத்துப் படையோடு பகிர்ந்தோ ஓட்டிவந்தார்கள். 2012 அக்டோபரில் தேசியக் காவல் வான்சேவை என்று ஒன்றாக்கி, வெஸ்ட் யார்க்‌ஷயர் படையை முன்னின்று நடத்தச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். 2017-இல் அங்குள்ள காவல் ஆய்வு அமைப்பு இதைப் பற்றிக் கடுமையாகவே எழுதியது. சேவை எல்லாப் படைகளுக்கும் சீராகப் போய்ச் சேரவில்லை, பணம் கட்டும் முறையைத் திருத்தியாக வேண்டும் என்று.

அதைப் படித்த அன்று ஒரு சுழலை வரைந்து பார்த்தேன். ஹெலிகாப்டர் நிற்கும் தளங்களைக் குறைத்தால் தூரத்தில் உள்ள படைக்கு ஹெலிகாப்டர் தாமதமாக வரும். தாமதமாக வந்தால் திருடன் ஓடிவிடுவான், பாதி வழியிலேயே 'வேண்டாம், திரும்பிடுங்க' என்று சொல்ல நேரும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் அந்தப் படை கூப்பிடுவதையே குறைக்கும். பயன்பாட்டை வைத்துப் பணம் வசூலித்தால் இன்னும் குறைக்கும். விமானி, பராமரிப்பு, தளம் எல்லாம் நிலைச்செலவு. பறக்கும் மணி குறையக் குறைய ஒரு மணிக்கான செலவு ஏறும். செலவு ஏறினால் 'இன்னும் ஒரு தளத்தை மூடலாமா' என்று பேச்சு வரும். மறுபடி முதல் வரிக்கு வந்துவிட்டோம்.

இதில் யார் தப்பு செய்தார்? ஒருவரும் இல்லை. ஒவ்வொரு படையும் தன் மேசையில் நியாயமான முடிவைத்தான் எடுத்தது. ஓடைக்கரை, உங்கள் மூன்று படைகளிடமும் இதைக் கேளுங்கள்: கூட்டுச் சேவையைக் கூப்பிடுவது கூடியதா குறைந்ததா, குறைந்தது என்றால் தேவை குறைந்ததாலா, கூப்பிட்டுப் பலனில்லை என்பதாலா. பலர் இரண்டாவதைச் சொல்லத் தயங்குவார்கள். வற்புறுத்தாமல் காத்திருந்து கேட்க வேண்டும்.

5. நீலமேகம்

இவ்வளவு சிக்கல் எதற்கு? எல்லையையே எடுத்துவிட்டால் என்ன? ஸ்காட்லாந்தில் 8 படைகளை 2013 ஏப்ரல் 1 அன்று ஒன்றாக்கினார்கள். நெதர்லாந்தும் அதே வருடம் ஜனவரியில் வட்டாரப் படைகளை ஒரே தேசியப் படையாக்கியது. இங்கிலாந்தில் 2005-இல் 43 படைகளைக் குறைத்துப் பெரிய படைகளாக்கச் சொன்னார்கள், 2006-இல் கைவிட்டார்கள். கைவிட்டதன் விலையைத்தான் இப்போது ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

6. பழைய வயர்லெஸ்

தம்பி, எல்லைக்கோடு அழியாது. இடம் மாறும்.

நீங்கள் சொன்ன ஸ்காட்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படைகள் ஒன்றானதும் வட்டாரக் கண்ட்ரோல் ரூம்களை மூடி, வேலையைச் சில பெரிய மையங்களுக்கு மாற்றினார்கள். 2015 ஜூலை 5. எம்9 நெடுஞ்சாலையிலிருந்து விலகிச் சரிவில் இறங்கிய ஒரு காரைப் பார்த்துவிட்டு ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். எடுத்த அதிகாரி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கணினியில் ஏறவில்லை. யாரையும் அனுப்பவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொருவர் கூப்பிட்ட பிறகுதான் காரிடம் போனார்கள். உள்ளே ஒருவர் இறந்து கிடந்தார். இன்னொருவர் மூன்று நாளும் உயிரோடு இருந்து, மருத்துவமனையில் இறந்தார். 2021-இல் அந்தப் படை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 லட்சம் பவுண்ட் அபராதம் கட்டியது.

ஒரே படை. ஒரே சீருடை. குறிப்பேட்டுக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு எல்லை இருந்தது, யாரும் அதை எல்லை என்று பார்க்கவில்லை. நானும் பல ராத்திரி குறிப்பேட்டில் எழுதிவிட்டு 'அப்புறம் ஏத்திக்கலாம்' என்று இருந்தவன்தான். அதனால் அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

7. தெளிநீர்

இந்த இழையில் 'கூட்டு' என்றால் பணமும் ஹெலிகாப்டரும் என்றே போகிறது. கூட்டின் உயிர் தகவலில் இருக்கிறது. இரண்டு உதாரணம், இரண்டும் இங்கிலாந்தில்.

முதலாவது, 13 பெண்களைக் கொன்றதாக 1981-இல் தண்டனை பெற்ற பீட்டர் சட்க்ளிஃப் வழக்கு. 1977-இல் மான்செஸ்டரில் கொல்லப்பட்டவரின் கைப்பையில் புத்தம் புது ஐந்து பவுண்ட் நோட்டு ஒன்று கிடைத்தது. அதன் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், எல்லை தாண்டி வெஸ்ட் யார்க்‌ஷயரில் சம்பளம் போட வங்கியிலிருந்து போன பணக்கட்டு. மான்செஸ்டர் புலனாய்வாளர்கள் அங்கே போய் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து அந்த நிறுவனங்களின் தொழிலாளர்களை விசாரித்தார்கள். சட்க்ளிஃபையும் விசாரித்தார்கள். இது கூட்டு நடவடிக்கைதானே? ஓடைக்கரை கையில் உள்ள கோப்பில் போட்டால் பச்சை. விசாரணை அறையில் ஒரே ஆளைப் பற்றிக் காகித அட்டைகள் பல இடத்தில் கிடந்தன, ஒன்றோடொன்று சேரவில்லை. மொத்தம் ஒன்பது முறை விசாரிக்கப்பட்டார், ஒன்பது முறையும் வெளியே போனார். கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில், மூன்றாவதான ஒரு படையின் ரோந்துக்காரர்கள், வண்டியில் பொய் நம்பர் பிளேட் இருந்ததால் பிடித்தார்கள். அந்தத் தோல்வியை ஆராய்ந்த பிறகுதான் பெரிய வழக்குகளுக்கான 'ஹோம்ஸ்' கணினி அமைப்பு 1985 வாக்கில் வந்தது.

இரண்டாவது, 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டது. கொன்றவன் ஒரு பள்ளிக்கூடக் காப்பாளன். அவனைப் பற்றி முன்பே பல புகார்கள் ஹம்பர்சைட் படைக்கு வந்திருந்தன. வேலைக்கு எடுக்கும்போது பின்னணி பார்த்தது கேம்பிரிட்ஜ்‌ஷயர் படை. ஒரு பக்கம் புகார்கள் தனித்தனியாக வந்து, ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படாமல், சரியாகப் பாதுகாக்கப்படாமல் போயின. மறுபக்கம் அவன் வைத்திருந்த இரண்டு பெயரில் ஒன்றை மட்டும் தேடினார்கள். 2004-இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை, நாடு முழுவதற்கும் ஒரே புலனாய்வுத் தகவல் அமைப்பு வேண்டும் என்றது. அந்தக் காவல் தரவுத்தளம் ஓட ஆரம்பித்தது 2011-இல்.

ஏழு வருடம். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு திருத்தத்துக்கு.

8. ஓடைக்கரை

எல்லாருக்கும் நன்றி. பழைய வயர்லெஸ் ஐயா சொன்னதை இரண்டு முறை படித்தேன்.

ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன். 'இந்தக் கூட்டு எதற்காக?' என்று கேட்டால் மூன்று படைகளும் மூன்று பதில் சொல்கின்றன. ஒருவருக்குச் செலவைக் குறைக்க. ஒருவருக்குத் தன்னிடம் இல்லாத நிபுணர்களைப் பெற. சிறிய படையின் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார்: "இணைத்துவிடுவோம் என்று பேச்சு வராமல் இருக்க." எந்த நோக்கத்தை வைத்து மதிப்பிடுவது?

9. வரைபடம்

மூன்றையும் வைத்து. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் படையின் ஆளாகிவிடுவீர்கள்.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லேண்ட் 'மென்முறைமை' அணுகுமுறையை வளர்த்தது இந்த மாதிரி இடத்துக்காகத்தான். ஒரே வேலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கண்ணால் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பார்வைக்கும் தனித்தனியாக, 'இது உண்மையென்றால் என்னென்ன வேலைகள் நடக்க வேண்டும்' என்று சின்னப் படம் போடுங்கள். செலவுக்குறைப்புப் படம் ஒன்று, நிபுணர் பகிர்வுப் படம் ஒன்று, தற்காப்புப் படம் ஒன்று. அந்த மூன்றையும் மூன்று தலைவர்களும் இருக்கும் அறையில் சுவரில் ஒட்டுங்கள். முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்டாஃபோர்ட் பீர் என்ற முறைமைச் சிந்தனையாளர், ஒரு அமைப்பு பிழைத்திருக்க ஐந்து வகை வேலைகள் வேண்டும் என்றார். அதில் இரண்டாவதைத்தான் போலீஸ் கூட்டுகளில் எல்லாரும் விட்டுவிடுவதாக எனக்குப் படுகிறது. கட்டளை இடுவதும் இல்லை, தணிக்கை செய்வதும் இல்லை. இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கச் செய்யும் சாதாரண ஏற்பாடு. பள்ளிக்கூட டைம்டேபிள் போல. இரண்டு படைகளிலும் 'காணாமல் போனவர்' என்பதற்கு ஒரே குறியீடு, ஒரே ஆபத்து வரிசை, ஷிஃப்ட் மாறும் நேரம் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது. மேலே கூட்டுக் குழு, தலைமைக் குழு, கண்காணிப்புக் குழு என்று அடுக்கிவிட்டு, இதைச் செய்ய ஒரு ஆளைப் போடுவதில்லை. உங்கள் புலனாய்வு அதிகாரிக்குப் பழக்கமான அந்த ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் சம்பளப் பட்டியலில் இல்லாத அந்த ஏற்பாடு.

10. சங்குப்பூ

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். ஒரு தரப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

ஜெர்மனியில் காவல் 16 மாநிலங்களின் பொறுப்பு. 2000 முதல் 2006 வரை ஒரே செஸ்கா துப்பாக்கியால் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். நியூரம்பர்க், ஹாம்பர்க், மியூனிக், ரோஸ்டாக், டார்ட்மண்ட், காசல். ஐந்து மாநிலங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் துருக்கியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவர் கிரேக்கர். மாநிலங்களுக்கு இடையே ஒருங்கிணைப்பு இருந்தது. வழிநடத்தும் குழுவும் இருந்தது. மத்தியக் குற்றப்புலனாய்வு அமைப்பிடம் தலைமையைக் கொடுக்கலாமா என்று 2006-இல் பேச்சு வந்து, அது நடக்காமல் போனது. ஆனால் எனக்கு வலிப்பது அது இல்லை. அத்தனை வருடமும் புலனாய்வு, இறந்தவர்களின் வீடுகளுக்குள்ளேயே காரணத்தைத் தேடியது. போதைப்பொருளா, கடனா, குடும்பத் தகராறா என்று. இது வெறுப்பால் நடந்த கொலை என்று அந்தக் குடும்பங்களில் சிலர் சொன்னார்கள். 2006-இல் தெருவில் இறங்கியே கேட்டார்கள். 2011 நவம்பரில் உண்மை வெளிவந்தபோது அவர்கள் சொன்னதுதான் சரி.

படைகளுக்கு நடுவே தகவல் நன்றாகவே ஓடியிருந்தாலும், ஓடியது தப்பான ஊகமாகத்தான் இருந்திருக்கும். வெர்னர் உல்ரிக் என்ற அறிஞர் எல்லைகளைக் கேள்வி கேட்கப் பன்னிரண்டு கேள்விகளைத் தொகுத்திருக்கிறார். அவற்றின் சாரத்தில் ஒன்று: இந்த ஏற்பாட்டால் பாதிக்கப்பட்டு, ஆனால் முடிவெடுக்கும் அறையில் இல்லாதவர்களுக்காக யார் பேசுகிறார்கள்?

ஓடைக்கரை அக்கா, உங்கள் பேட்டிப் பட்டியலில் மூன்று படைகளின் ஆட்கள் மட்டும்தான் இருக்கிறார்களா? எல்லை தாண்டிய வழக்கில் புகார் கொடுத்த ஒருவராவது இருக்கிறாரா?

11. கணக்குப்பிள்ளை

சங்குப்பூ கேட்டதற்குப் பிறகு என் கட்டத்தில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறேன். புகார் கொடுத்தவர் இரண்டு படைகளுக்கும் எத்தனை முறை போன் செய்தார், எத்தனை முறை முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு மறுபோனையும் எடுக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முதல் முறையே சரியாக நடந்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது. இதுவும் பணம்தான். செலவுப் பேச்சை மட்டும் கேட்கும் தலைவரிடம் இந்த எண்ணை வைத்துப் பேசினால் காது கொடுப்பார்.

12. ஓடைக்கரை

ஐந்து வாரம் ஆகிவிட்டது. போன கதையைச் சொல்கிறேன்.

அனுப்பும் மேசையில் இரண்டு நாள், வாங்கும் மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். எல்லை தாண்டிய இருபது விவகாரங்களை எடுத்து, முதல் போனிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை ஒவ்வொன்றையும் நீளமான காகிதத்தில் கோடாக வரைந்தேன். யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது, எங்கே மறுபடி தட்டச்சு ஆனது, எங்கே ஒருவருடைய சொந்த போன் நம்பரால் நகர்ந்தது என்று. சொந்த நம்பருக்குச் சிவப்பு மை. சிவப்பு இல்லாத கோடு மூன்றுதான் இருந்தது.

அந்த மூன்றும் தடயவியல். அங்கே மட்டும் கூட்டு நிஜமாகவே வேலை செய்கிறது. ஒரே படிவம், ஒரே எண், மாதிரி எங்கே இருக்கிறது என்று மூன்று படைகளும் ஒரே திரையில் பார்க்கலாம். நான்கு வருடத்துக்கு முன் அதை அமைத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. கேட்டபோது ஆய்வகத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்குப்பூ சொன்னபடி புகார்தாரர்களையும் தேடினேன். நான்கு பேர் பேச ஒத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், தன் மகன் காணாமல் போன வழக்கில், ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தேதி, நேரம், எந்தப் படை, யார் பேசினார், என்ன சொன்னார் என்று ஒவ்வொரு போனையும் எழுதி வைத்திருக்கிறார். மூன்று படைகளிடமும் தனித்தனியாக இருந்த பதிவுகளைவிட அந்த நோட்டு முழுமையாக இருந்தது. அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டைத்தான் அறிக்கையின் முதல் பக்கமாக வைக்கிறேன். எக்செல் பச்சைகள் பின்னிணைப்புக்குப் போகின்றன.

இரண்டு மேசைகளின் ஷிஃப்ட் பொறுப்பாளர்களையும் ஒரே அறைக்கு வரவழைத்து இருபது கோடுகளையும் சுவரில் ஒட்டினோம். தினமும் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள், நேரில் பார்த்தது அன்றுதான். வாங்கும் மேசையின் பொறுப்பாளர் ஒரு கோட்டின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "இதை நான்தான் ரெண்டாவது தடவை அடிச்சேன். அங்கே ஏற்கெனவே அடிச்சாங்கன்னு தெரியாது" என்றார். அனுப்பியவர் உடனே, "நான் மூடினதும் உங்க கையில போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: 'மாற்றப்பட்டது' என்று போட்டால் கடிகாரம் நிற்கக் கூடாது, அந்தப் பக்கம் ஒருவர் பெயரோடு ஏற்றுக்கொண்டால்தான் நிற்க வேண்டும். மென்பொருளில் சின்ன மாற்றம்தான். ஆனால் அதைச் செய்தால் மூன்று படைகளின் பதில்நேர எண்களும் மோசமாகத் தெரியும். தலைவர்கள் அதற்கு ஒத்துக்கொள்வார்களா என்பது அடுத்த மாதக் கூட்டத்தில் தெரியும். ஒத்துக்கொண்டால் முதல் ஆறு மாதம் எண்களை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை என்று எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

13. பழைய வயர்லெஸ்

மேடம், மனசு நிறைஞ்சது. ஒன்றே ஒன்று கேட்கணும். அந்த நான்கு நாளும் பகல்தானா? வாங்கும் மேசையில் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ஒரே ஆள், அவரேதான் லாக்கப்பையும் பார்க்கணும்.

14. ஓடைக்கரை

பகல் மட்டும்தான் ஐயா. வியாழக்கிழமை ராத்திரி பத்து மணி ஷிஃப்டுக்கு அனுமதி கேட்டு இப்போதுதான் கடிதம் அனுப்பினேன்.